மூக்கில் வந்த ஒரு சொட்டு இரத்தம்

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் பைபாஸ் ஓரத்தில் வண்டி அடித்துப் பின்னங்கால் முறிந்து கிடந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கிவந்து வளர்க்கிறார். பெண் நாய், பெயர் செம்பி, இப்போது 14 கிலோ. ஞாயிறு தவறாமல் செம்பியோடு குளத்துக்கரை, கரடு, ஓடை என்று சுற்றி, அபூர்வமான காட்டுச் செடிகளைத் தேடிப் படமெடுப்பது அவருடைய பழக்கம். சதைப்பற்றுள்ள கல்முளையான், பூச்சி தின்னும் அழுகண்ணி, மழைக்குப் பின் தரையில் பூக்கும் ஆர்கிட் என்று நிறையப் பார்த்திருக்கிறார். சிலவற்றைப் பிடுங்கிவந்து தொட்டியிலும் வைத்திருக்கிறார். கல்முளையான் பிழைத்துக்கொண்டது, அழுகண்ணி ஒரே வாரத்தில் செத்துவிட்டது.

மூன்று வாரங்களுக்கு முன், மழை விட்ட ஒரு காலையில், வரப்போரம் கிடந்த ஒரு கிழங்கைச் செம்பி கடித்துத் தின்றுகொண்டிருந்தது. பறிக்கப் போனதும் பாதியை விழுங்கிவிட்டது. அது கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள் கிழங்கு என்று தோட்டக்காரர் சொன்னார். வீட்டுக்கு வந்து உப்பைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். இரண்டு முறை வாந்தி, மறுநாள் முழுக்கக் கழிச்சல். உள்ளூர் மருத்துவர் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். மூன்றாம் நாள் செம்பி எழுந்து சாப்பிட்டது.

"இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்புபோல் ஓடுவதில்லை, பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறது. விஷம் இன்னும் உடம்பில் இருக்கிறதா? போன வாரம் மூக்கில் ஒரு சொட்டு இரத்தம் வந்தது, உண்ணிச்செடி முள் கீறியிருக்கும். நாட்டு நாய்தானே, எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று அதற்கே தெரியும் என்று நினைத்திருந்தேன். காதில் நாலைந்து உண்ணி இருக்கும், கையால் எடுத்து மண்ணெண்ணெயில் போட்டுவிடுவேன், மருந்து எதுவும் போட்டதில்லை. அடுத்த மாதம் கருத்தடை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறேன். மாமியார் இனிமேல் நாயைக் காட்டுப் பக்கம் கூட்டிப்போகவே கூடாது என்கிறார். நான் அய்யலூர் மலைக்கு அதைக் கூட்டிப்போக நினைத்திருந்தேன். என்ன செய்யட்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதிய அந்த மூக்கு இரத்தம்தான் என்னை நிறுத்தியது. நாய் பாதி வழியில் உட்காருவது, மருந்தே போடாமல் உண்ணி இருப்பது, மூக்கில் இரத்தம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்கு முதலில் தோன்றுவது செங்காந்தள் அல்ல, உண்ணிக் காய்ச்சல். உண்ணிச்செடியின் முள் மூக்கைக் கீறினால் வெளியே கீறல் தெரியும். கீறலே இல்லாமல் உள்ளிருந்து இரத்தம் வந்தால், பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் இருக்கக் கூடாது.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். நல்ல வெளிச்சத்தில் செம்பியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவப்புக்குத் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்திருந்தாலோ, ஈறிலோ அடிவயிற்றுத் தோலிலோ குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனை

எல்லா அணுக்களையும் எண்ணும் முழு இரத்தப் பரிசோதனை, கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, கல்லீரல், சிறுநீரக அளவுகள், கூடவே உண்ணிக் காய்ச்சலுக்கான விரைவுக் கிட். இவ்வளவும் ஒரே தடவை எடுக்கும் இரத்தத்தில் முடிந்துவிடும். நாய்க்குத் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறக்குறைய இரண்டு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை இருக்க வேண்டும். ஐம்பதாயிரத்துக்கும் கீழே இறங்கினால், அடிபடாமலே இரத்தம் கசியும் ஆபத்து வந்துவிடுகிறது. எந்திரம் காட்டும் எண் மிகக் குறைவாக இருந்தால் தகட்டில் கண்ணால் பார்த்து உறுதி செய்யச் சொல்லுங்கள். தட்டணுக்கள் கட்டியாக ஒட்டிக்கொண்டால் எந்திரம் குறைத்து எண்ணிவிடும்.

நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி இரண்டு முக்கியமான நோய்களைக் கொண்டுவருகிறது. ஒன்று எர்லிச்சியா. கடித்து இரண்டு, மூன்று வாரத்தில் காய்ச்சல் வரும், சில நாளில் தானே தணிந்ததுபோல் ஆகும், பிறகு மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில் உள்ளேயே ஒளிந்திருக்கும். அப்போது வெளியே தெரிவதெல்லாம் கொஞ்சம் சோர்வு, கொஞ்சம் எடை குறைவு, ஒருநாள் மூக்கில் இரத்தம். இன்னொன்று பபேசியா. அது சிவப்பணுக்களையே உடைப்பதால் ஈறு வெளுத்துப்போகும். எர்லிச்சியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையைப் பெரும்பாலும் 28 நாள் கொடுப்பார்கள். ஐந்தாம் நாளே நாய் துள்ளும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையைச் சோற்றோடு கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள். தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். பபேசியாவில் ஒரு வகை டாக்சிசைக்ளினுக்கு அசையாது, அதற்கு மருந்தே வேறு. ஆகவே எதுவென்று தெரியாமல் மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

கருத்தடை ஆபரேஷன் அவசியமானதுதான், செய்யுங்கள். ஆனால் இந்தப் பரிசோதனை முடிவு வரும்வரை தள்ளி வையுங்கள். தட்டணுக்கள் குறைந்த நாயைத் திறந்தால் இரத்தம் நிற்காது. ஆபரேஷன் செய்யப் போகும் மருத்துவரிடம் மூக்கு இரத்தத்தை மறக்காமல் சொல்லுங்கள். அதேபோல், காலை நொண்டுகிறது, வலிக்கிறது என்று மனிதர் சாப்பிடும் பாராசிட்டமால், புரூஃபன், ஆஸ்பிரின் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

செங்காந்தள் விஷம் இன்னும் இருக்கிறதா?

இல்லை என்றே சொல்வேன். செங்காந்தளில் உள்ள நஞ்சின் பெயர் கோல்ச்சிசின். செடி முழுக்க இருந்தாலும் கிழங்கிலும் விதையிலும் அதிகம். உடம்பில் வேகமாகப் பிரியும் அணுக்களைத்தான் அது முதலில் தாக்கும். குடலின் உள்தோல் அப்படிப்பட்டது என்பதால் தின்ற சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் வாந்தியும் கழிச்சலும் வரும். அது அடங்கியதுபோல் தெரியும்போது இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. கல்லீரல், சிறுநீரகம், இதயம், அடுத்த சில நாட்களில் எலும்பு மஜ்ஜை. மஜ்ஜை அடிபட்டால் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் ஒரு வாரத்துக்குள் சரியும். அதைக் கடந்த நாய்க்கு அணுக்கள் மறுபடி ஏறிவிடும்.

மூன்றாம் நாள் எழுந்து சாப்பிட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தீர்கள். அந்த நாளில்தான் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் இரத்தம் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் செம்பி அந்த வாரத்தைத் தாண்டி, மூன்று வாரமாகச் சாப்பிட்டு நடமாடுகிறது. அது விழுங்கிய அளவு குறைவாக இருந்திருக்க வேண்டும், வாந்தியிலும் கொஞ்சம் வெளியே வந்திருக்கும். மஜ்ஜை இன்னும் தேறவில்லையோ என்ற சந்தேகத்துக்கும் மேலே சொன்ன அதே இரத்தப் பரிசோதனை பதில் சொல்லிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் பக்கம், ஒட்டன்சத்திரம், மூலனூர் சுற்றுவட்டாரத்தில் கண்வலிக்கிழங்கை விதைக்காகவே பயிரிடுகிறார்கள். செம்பி தின்றது வரப்போரம் யாரோ பந்தலிலிருந்து கழித்துப் போட்ட கிழங்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். காட்டில் நிற்கும் செங்காந்தளின் கிழங்கு மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கும், நாய் தோண்டி எடுப்பது கடினம். ஆகவே உங்களுக்கு ஆபத்து கரட்டைவிடத் தோட்டத்து ஓரத்தில்தான் அதிகம். பூக்காத நாளிலும் செடியை அடையாளம் காணலாம். இலை நுனி கம்பிச் சுருள்போல் நீண்டு பக்கத்துக் குச்சியைப் பற்றியிருக்கும். கிழங்கு கலப்பைபோல் இரண்டு கையாகப் பிரிந்திருக்கும், கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அதனால்தான்.

உப்புத் தண்ணீர் வேண்டாம்

பதற்றத்தில் செய்தது, புரிகிறது. ஊரில் எல்லாரும் சொல்லும் வைத்தியமும் அதுதான். ஆனால் நாய்க்கு உப்பே நஞ்சு. 14 கிலோ நாய்க்கு ஐந்தாறு தேக்கரண்டி உப்பு உள்ளே தங்கினால் போதும், இரத்தத்தில் சோடியம் ஏறி, மூளை பாதித்து வலிப்பு வந்துவிடும். வாந்தி வந்தால் உப்பு வெளியே போய்விடும், வராவிட்டால் ஒரு விஷத்தோடு இன்னொரு விஷமும் சேர்கிறது. தொண்டைக்குள் விரல் விடுவது, பால், முட்டை வெள்ளைக்கரு, விளக்கெண்ணெய், அடுப்புக்கரி எதுவும் உதவாது. மருத்துவமனையில் கொடுக்கும் கரி, நஞ்சை இழுத்துப் பிடிக்கும்படி பதப்படுத்திய வேறு பொருள். அதையும் விழுங்கத் திணறும் நாய்க்கு வீட்டில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

அடுத்த முறை இப்படி நடந்தால், நடக்க வேண்டாம், நடந்தால் செய்ய வேண்டியது இது. வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீரால் வாயைத் துடையுங்கள். தின்ற செடியின் இலை, பூ, கிழங்கு எது கிடைத்தாலும் ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள், படமும் எடுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு தின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மருத்துவரை ஃபோனில் அழைத்தபடியே கிளம்புங்கள். தின்று ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் ஊசி போட்டுப் பாதுகாப்பாக வாந்தி எடுக்க வைக்க முடியும், அதற்குப் பிறகு அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். தள்ளாடும் நாய், மயங்கிய நாய், வலிப்பு வந்த நாய், கள்ளிப்பால் போல் எரிக்கும் பாலை நக்கிய நாய், இவற்றுக்கு வாந்தியே எடுக்க வைக்கக் கூடாது.

கோல்ச்சிசினுக்கு நம்மிடம் விஷமுறிவு மருந்து கிடையாது. அது பித்தத்தோடு மறுபடி குடலுக்கு வருவதால் கரியைப் பல வேளை கொடுப்போம். அதோடு குளுக்கோஸ், தினமும் இரத்தக் கணக்கு. உள்ளூரில் இந்த வசதி இல்லையென்றால் நாமக்கல், உடுமலைப்பேட்டை, தேனி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் உங்களுக்கு எது கிட்டமோ அதன் ஃபோன் நம்பரை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், விடுமுறை நாளில் எத்தனை மணி வரை பார்ப்பார்கள் என்றும் கேட்டு வையுங்கள். உங்கள் நடை ஞாயிற்றுக்கிழமை என்பதை மறக்க வேண்டாம்.

"அதற்கே தெரியும்" என்பது

நாட்டு நாய்க்கு எது விஷம் என்று இயல்பாகத் தெரியும் என்ற நம்பிக்கை அன்பிலிருந்து வருவது, ஆனால் சரியல்ல. ஆடு, மாடு பழகிய மேய்ச்சலில் பல செடிகளை ஒதுக்கக் கற்றுக்கொள்கிறது. நாய் மேய்கிற பிராணியல்ல. செம்பி அருகம்புல் தின்பது இயல்பு, பயப்பட வேண்டாம். பெரும்பாலான நாய்கள் புல் தின்றபின் வாந்திகூட எடுப்பதில்லை. ஆனால் கிழங்கை அது கடித்தது பசியாலோ விளையாட்டாலோதான், அறிவால் அல்ல.

தெருவில் கிடந்த நாய்க்கு இன்னொரு பழக்கமும் இருக்கும். கிடைத்ததை உடனே விழுங்காவிட்டால் வேறொன்று பறித்துக்கொள்ளும் என்று அதன் முதல் மாதங்கள் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கும். நீங்கள் கத்திக்கொண்டு ஓடிவந்து கையை நீட்டியதும் செம்பி பாதியை விழுங்கியதன் காரணம் இதுதான். பறித்தால் விழுங்கும். பதிலுக்கு ஒன்றைக் கொடுத்தால் விடும்.

இதைப் பழக்கலாம். மூடிய கையில் சாதாரண பிஸ்கட் ஒன்றை வைத்து நீட்டுங்கள். முகரும், நக்கும், காலால் பறண்டும். பேசாமல் இருங்கள். மூக்கை விலக்கிய அந்த நொடியில் "விடு" என்று சொல்லி, இன்னொரு கையிலிருந்து வேகவைத்த கோழித் துண்டைக் கொடுங்கள். மூடிய கையிலிருந்த பிஸ்கட்டை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. கை பழகியதும் பிஸ்கட்டைத் தரையில் வைத்துக் காலால் மூடிச் செய்யுங்கள், பிறகு மூடாமல், பிறகு வாசலில், பிறகு கயிற்றில் பிடித்து நடக்கும்போது. பொதுவாகக் கெட்டுப்போவது மூன்றாம் நாள், வீட்டுக்குள் சரியாகச் செய்கிறதே என்று நேரே குளத்துக்கரையில் சோதித்துப் பார்க்கும்போது. அங்கே வாசனை நூறு மடங்கு. ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பழகும்வரை கூடை மாதிரியான வாய்க்கவசம் போடுங்கள். போட்டபடியே நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். துணியில் தைத்த, வாயை இறுக்கிக் கட்டும் வகை வேண்டவே வேண்டாம். நாய்க்கு உடல் சூடு தணிவது மூச்சிரைப்பில்தான், அதைக் கட்டினால் வெயிலில் சுருண்டுவிடும். கூடைக்குள் தயிர் தடவி, தானே மூக்கை நுழைக்கும்படி இரண்டு வாரம் பழக்கிவிட்டு மாட்டுங்கள்.

நடையை நிறுத்த வேண்டாம், மாற்றுங்கள்

மாமியாரின் கவலை நியாயமானது, அவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஆனால் ஓடியாடிப் பழகிய இரண்டு வயது நாயை வீட்டில் கட்டிப்போட்டால் வேறு சிக்கல்கள் வரும். பரிசோதனை முடிவு வரும்வரை கால் மணி நேரத் தெரு நடை போதும். பிறகு ஞாயிறு நடை தொடரட்டும், கயிற்றோடு. கழுத்துப்பட்டையில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுங்கள். மூன்று மீட்டர் பருத்தி நாடா சரியாக இருக்கும். தானே சுருண்டுகொள்ளும் மெல்லிய கயிறு வகை முள்ளில் சிக்கும், கையை அறுக்கும்.

நீங்கள் படமெடுக்கக் குனியும் நேரம்தான் செம்பி எதையாவது கவ்வும் நேரம். ஒரு பழைய சாக்கை மடித்து எடுத்துப்போங்கள். வீட்டில் அதன்மேல் படுக்கப் பழக்குங்கள், முதலில் அரை நிமிடம், பிறகு ஒன்று, ஐந்து. காட்டில் சாக்கை விரித்ததும் அது தன் இடம் என்று தெரிந்துகொள்ளும். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டால் இரண்டு கையும் கேமராவுக்கு. செடிக்கும் இது நல்லது. அழுகண்ணி ஒரு ரூபாய்க் காசு அளவுகூட இருக்காது, ஈர மணலோடு ஒட்டிக் கிடக்கும், நாயின் ஒரு கால் மிதி அதற்குப் போதும்.

செங்காந்தளைத் தவிர உங்கள் வழியில் நான் பயப்படுபவை சில உண்டு. அரளி, அது செவ்வரளியானாலும் மஞ்சள் அரளியானாலும், இதயத் துடிப்பைக் குலைக்கும். ஊமத்தையைத் தின்றால் கண்மணி விரியும், வாய் காயும், நாய் இல்லாததைப் பார்த்துக் குரைக்கும். ஆமணக்கு விதையும் குன்றிமணியும் முழுதாக விழுங்கினால் பலநேரம் அப்படியே வெளியே வந்துவிடும், கடித்து உடைத்தால் உயிருக்கு ஆபத்து. வாந்தி, இரத்தக் கழிச்சல் தொடங்க ஒருநாள்கூட ஆகலாம் என்பதால் நாய் நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. விதையைவிட அதிகம் பார்க்க வேண்டியது தென்னைக்கும் ரோஜாவுக்கும் போடும் ஆமணக்குப் புண்ணாக்கு. அதன் வாசனை நாயை இழுக்கும். காட்டுக்கருணை கடித்தால் வாயெல்லாம் ஊசி குத்தியதுபோல் எரியும், எச்சில் ஒழுகும். வாயைக் கழுவி, குளிர்ந்த தயிர் ஒரு கரண்டி கொடுத்தால் பெரும்பாலும் தணியும், நாக்கு வீங்கினால் உடனே மருத்துவரிடம். எருக்கம்பாலோ கள்ளிப்பாலோ கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் விடாமல் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள், கண்ணின் கருவிழி புண்ணாகும்.

விஷமே இல்லாத ஒரு புல்லும் நாய்களைப் பாடாய்ப் படுத்தும். ஊசிப்புல்லின் விதை திருகாணிபோல் ஈரத்தில் முறுக்கவிழ்ந்து முன்னேறிக்கொண்டே போகும், பின்னால் வராது. காதுக்குள் போனால் நாய் தலையை ஒரு பக்கம் சாய்த்து உதறும். எண்ணெய் ஊற்றாதீர்கள், அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். விரலிடுக்கில் புகுந்தால் சில நாளில் சீழ்க் கட்டியாக எழும்பும். சீமைக்கருவேல முள்ளும் இப்படித்தான், நுனி உள்ளே ஒடிந்து தங்கிவிடும்.

அதனால் வீடு திரும்பியதும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். காதின் உள்மடிப்பு, கண்ணிமை, கழுத்துப்பட்டைக்கு அடி, கக்கம், தொடையிடுக்கு, வால் அடி, ஒவ்வொரு விரலிடுக்கு. உண்ணியை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, நெருப்புக் காட்டுவது, விரலால் நசுக்குவது மூன்றும் வேண்டாம். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

ஆனால் கையால் எடுப்பது உண்ணிக்கு மருந்தாகாது. இந்தப் பழுப்பு உண்ணி வாழ்நாளில் மூன்று முறை நாய்மேல் ஏறி, மூன்று முறை கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் தோலுரிக்கிறது. வயிறு நிறைந்த ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காதில் நீங்கள் பார்த்த நாலைந்து, வீட்டுச் சுவரில் இருப்பதன் சிறு பங்கு. அஃபாக்சோலேனர் போன்ற மாதாந்திர மாத்திரையோ, ஃப்ளூரலேனர் போன்ற 12 வார மாத்திரையோ செம்பியின் எடைக்குத் தகுந்தபடி மருத்துவர் எழுதித் தருவார். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். வருடம் முழுவதும் போட வேண்டும், நம் ஊரில் உண்ணிக்கு ஓய்வுக் காலம் கிடையாது. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை நாய்மேல் தெளிப்பது கிராமங்களில் சகஜம். நாய் தன்னை நக்கும், மாட்டின் அளவில் கலந்த மருந்து வயிற்றுக்குப் போனால் அதுவே நஞ்சு. நாட்டு நாய்க்குத் தோல் நோய் குறைவு, வெயில் தாங்கும், உண்மைதான். எர்லிச்சியாவைத் தடுக்கும் சக்தி அதற்கு இல்லை.

வெறிநாய்த் தடுப்பூசியும் எலிக்காய்ச்சல் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசியும் வருடாவருடம் போட்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. குளத்துத் தண்ணீரில் இறங்கும் நாய்க்கு இரண்டும் கட்டாயம்.

அய்யலூர் மலைக்கு வேண்டாம்

இதில் தயங்காமல் சொல்கிறேன். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள அந்தக் காடுகளைத் தமிழக அரசு 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்றே நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல் கொல்வதை மட்டும் குறிப்பதல்ல, விரட்டுவதும் அதில் அடங்கும். செம்பி ஒரு முயலைத் துரத்தினால் விளையாட்டு என்று நீங்கள் சொல்லலாம், வனக்காவலருக்கு அப்படித் தெரியாது. சட்டத்தை விடுங்கள், மரம் விட்டு மரம் போகக் கிளை இல்லாத இடத்தில் தரையிறங்கி மெல்ல நகரும் தேவாங்குக்கு நாயிடமிருந்து தப்ப வழியே இல்லை. நாயிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் நரிக்கும் மரநாய்க்கும் போகும். அந்த மலையைப் பார்க்க ஆசையென்றால் வனத்துறை அனுமதியோடு, செம்பியை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.

பிடுங்கிவரும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி எந்தச் செடியை எடுத்தாலும் குற்றம். குளத்துக்கரையில் சட்டம் அவ்வளவு இறுக்கமில்லை, ஆனால் உங்கள் அழுகண்ணி ஒரே வாரத்தில் ஏன் செத்தது? அது சத்தே இல்லாத ஈர மணலில் வாழப் பழகியது, பூச்சியைப் பிடித்துத் தின்பதே அதனால்தான். எருப் போட்ட மண்ணும் போர் தண்ணீரின் உப்பும் அதற்கு நஞ்சு. செடியை அதன் இடத்திலேயே படமெடுங்கள்: முழுச் செடி, இலையின் இரண்டு பக்கம், தண்டில் இலை சேரும் இடம், பூ முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும், அளவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல். பெயர் தெரியாவிட்டால் கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தின் தென்மண்டல மையமோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரக் காப்பகமோ உதவக்கூடும். படத்தைப் பார்த்து ஃபோன் செயலி சொல்லும் செடிப் பெயரை ஆர்வத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், நாய் தின்ற செடி விஷமா இல்லையா என்று முடிவு செய்ய அதை நம்பாதீர்கள். அபூர்வச் செடியின் படத்தைப் பகிரும்போது இடத்தைத் துல்லியமாகப் போடாதீர்கள், மருந்துக்கும் விற்பனைக்கும் தோண்டுபவர்களும் அதைப் பார்க்கிறார்கள். தொட்டியில் பிழைத்திருக்கும் கல்முளையானை மறுபடி பிடுங்கி நட வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்.

இந்த வாரத்துக்குள் இரத்தம் எடுத்துவிடுங்கள். போகும்போது செம்பியின் மூக்கில் மறுபடி இரத்தம் வந்தால் தலையைப் பின்னால் தூக்கிப் பிடிக்காமல் இயல்பாக விடுங்கள், மூக்கின் மேல் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், ஓட விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். முடிவுத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் நாளைப் பற்றி எழுதுகிறேன்.